அத்தியாயம் 7: பெயர் வைத்தது யார்?
கடற்கொள்ளையன் பாத்திரத்துக்குப் பெயர் தேடும் முறை

பெங்களூருக்குக் கடல் கிடையாது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. மங்களூர்க் கரையைத் தொடவே சுமார் 350 கிலோமீட்டர் இறங்கிப் போக வேண்டும். ஆனாலும் அல்சூர் ஏரிப் பக்கம் நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை எழுத்து வகுப்பில், வருஷத்துக்கு ஒருவராவது கடற்கொள்ளையன் கதையோடு வந்துவிடுகிறார். வாரம் முழுக்க சில்க் போர்டு சந்திப்பில் வண்டிக்குள் அடைந்து கிடப்பவருக்குத் திறந்த கடல்மேல் ஆசை வருவதில் வியப்பில்லை.

கதைக்கு முன்னால் பெயர் வந்துவிடும். "கேப்டன் கருஞ்சுறா", "ரத்தக்கை ரணதீரன்", "புயல்வேந்தன்". இவற்றைக் கேட்டால் பயம் வருவதில்லை. தீபாவளிப் பட்டாசுப் பெட்டியின் மேலட்டைதான் நினைவுக்கு வருகிறது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இந்தப் பெயரை அவனுக்கு வைத்தது யார்?"

"நான்தான் சார்" என்பார்கள்.

கோளாறு அங்கேதான். எழுத்தாளர் வைத்த பெயர் எழுத்தாளர் வைத்தது மாதிரியே இருக்கும். கொள்ளையனின் பெயர் கதைக்குள் இருக்கும் யாரோ ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும். அந்த வாயைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

1. மூன்று வாய்கள்

ஒரு கொள்ளையனுக்கு மூன்று பேர் பெயர் வைக்கலாம்: பெற்றவர்கள், கூட இருப்பவர்கள், அவனால் அடிபட்டவர்கள். மூன்று பெயரும் மூன்று கதை சொல்லும். நம் மேற்குக் கரையே இதற்குப் பாடப்புத்தகம்.

கர்நாடகத்தின் ஹொன்னாவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முன் அங்கே கப்பல் படை வைத்திருந்த ஒருவனைக் கன்னடத்தில் திம்மய்யா என்கிறார்கள். போர்த்துகீசியர் அவனை 'டிமோஜா' என்று எழுதி, கொள்ளையன் என்றும் குறித்தார்கள். 1510-இல் அவர்களின் தளபதி அல்புகெர்க் கோவாவைப் பிடித்தபோது, படையெடுக்கச் சொல்லித் தூண்டிக் கூடவே போனவனும் அவன்தான். நேற்றுவரை கொள்ளையன், இன்று கூட்டாளி. ஆள் மாறவில்லை, கப்பல் மாறவில்லை. எழுதுகிறவனுக்கு அவனிடம் வேலை இருந்தது, அவ்வளவுதான். கன்னடத்தில் கடற்கொள்ளையரைக் 'கடல்கள்ளரு' என்பார்கள். நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லை யார்மேல் ஒட்டுவது என்பதைக் கப்பல் வைத்திருந்தவனைவிட, பேனா வைத்திருந்தவன்தான் முடிவு செய்தான்.

அதே பக்கத்துக் கெருசொப்பாவை ஆண்ட ராணி சென்னபைராதேவியைப் போர்த்துகீசியர் 'மிளகு ராணி' என்றார்கள். அவள் கொள்ளைக்காரி இல்லை. ஆனாலும் இந்த உதாரணம் முக்கியம்: எதிரில் நிற்பவர் வைக்கும் பெயரில், எதிரில் நிற்பவரின் ஆசையும் தெரிந்துவிடும். அவர்களுக்கு அவளிடம் வேண்டியது மிளகு. பெயரும் மிளகாகிவிட்டது.

கொஞ்சம் தெற்கே வந்தால் குஞ்ஞாலி மரக்காயர். கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களுக்கு வழிவழியாக வந்த பட்டம் இது. நான்கு பேர் இந்தப் பெயரில் போர்த்துகீசியரோடு மோதினார்கள். தங்களிடம் 'கர்தாஸ்' என்ற அனுமதிச்சீட்டு வாங்காத கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்த போர்த்துகீசியர், எதிர்த்தவர்களைக் கொள்ளையர் என்றார்கள். நான்காம் குஞ்ஞாலியை 1600-இல் கோவாவில் வைத்துத் தலையை வெட்டினார்கள். இப்போது பெயரைப் பாருங்கள். 'குஞ்ஞு' என்றால் மலையாளத்தில் சிறு குழந்தை. குஞ்ஞாலி என்பது 'சின்ன அலி' மாதிரி ஒரு செல்லப்பெயர். நூறு வருஷம் ஒரு பேரரசைத் தூங்கவிடாமல் செய்த பெயர், வீட்டுத் திண்ணையில் பாட்டி கூப்பிடுகிற பெயர். ரத்தமும் மண்டையோடும் இல்லாமலே ஒரு பெயர் நடுங்கவைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சீனத்தில் இன்னொரு வகை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனக் கடலை ஆட்டிப்படைத்து, 1810-இல் அரசோடு பேரம் பேசிச் சரணடைந்த பெண்ணை வரலாறு 'செங் யீ சாவ்' என்கிறது. 'செங் யீயின் மனைவி' என்பதுதான் அதன் பொருள். புருஷன் செத்தபிறகு அவனைவிடப் பெரிய படையை நடத்தியவள்; பெயரில் மட்டும் கடைசிவரை அவன் வீட்டுக்காரி. உங்கள் கதையில் ஒரு பெண் தலைவி இருந்தால், "இன்னாருடைய மகள்", "இன்னாருடைய சம்சாரம்" என்று தொடங்கி, எந்தக் கட்டத்தில் அந்த இன்னார் உதிர்ந்துபோகிறார் என்பதையே கதையாக்கலாம்.

ஆகவே முதல் வேலை இது: ஒரு தாளில் மூன்று கோடு போட்டு, மூன்று பெயரையும் எழுதுங்கள். கதையில் எது ஓங்கி ஒலிக்கும் என்பது பிறகு. மூன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2. பட்டப்பெயர் எங்கிருந்து பிறக்கிறது?

கூட்டாளியும் எதிரியும் வைக்கும் பெயர்கள் பெரும்பாலும் ஆறு இடங்களிலிருந்து வருகின்றன.

*உடம்பு.* 1718-இல் கொல்லப்பட்ட எட்வர்ட் டீச்சை உலகம் 'கருந்தாடி' என்றே அறியும். மத்தியதரைக் கடலில் பார்பரோசா, அதாவது செந்தாடி. எளிதான வழி, அதனாலேயே எல்லோரும் போகிற வழி. ஒற்றைக்கண், மரக்கால், வெட்டுக்காயம் மூன்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு யோசியுங்கள். இரவில் கண் தெரியாதவன், கடலில் வாந்தி எடுப்பவன், சிரித்தால் விக்கல் வருபவன் என்று போனால் ஆள் கிடைப்பான்.

*உடை.* 1720-இல் ஜமைக்காவில் தூக்கிலிடப்பட்ட ஜான் ரேக்கம், 'காலிக்கோ ஜாக்' என்று பெயர் வாங்கியது அவன் போட்டிருந்த பருத்தித் துணியால். அந்தத் துணிக்குக் காலிக்கோ என்று பெயர் வந்தது கோழிக்கோட்டால். கரீபியக் கொள்ளையன் ஒருவன் நம் மலபார் ஊரை முதுகில் சுமந்துகொண்டு செத்திருக்கிறான். துணி, மணி, வாசனை இவை வியாபாரத்தோடு பயணம் செய்பவை. பெயருக்குள் ஒரு வணிகப் பாதையையே ஒளித்துவைக்கலாம்.

*ஊர்.* பிரெஞ்சுக் கொள்ளையன் லோலோனே என்றால் 'ஒலோன்காரன்'. நம் ஊரில் திருநெல்வேலிக்காரர், மாயவரத்தார் என்பது போலத்தான். ஊர்ப்பெயர் ஒட்டுவது அந்த ஊரைவிட்டு வந்தபிறகே. சொந்த ஊரில் யாரும் யாரையும் ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆகவே ஊர்ப்பெயர் தாங்கியவன் எப்போதும் வெளியூரான். அந்தத் தனிமையை மறந்துவிடாதீர்கள்.

*தொழில்.* பெங்களூர் வாசகருக்கு இது சொல்லாமலே புரியும். 1980-களில் இந்நகரத்து நிழலுலகில் அடிபட்ட பெயர்களில் ஆயில் குமார் ஒன்று, கொத்வால் ராமச்சந்திரா இன்னொன்று. முன்னது எண்ணெய்க் கடைப் பலகை மாதிரி சாதுவாக இருக்கிறது. பின்னதில் உள்ள 'கொத்வால்' பழைய நகரக் காவல் அதிகாரியின் பதவிப்பெயர். ரவுடிக்கு முன்னால் போலீஸ் பட்டம்! இப்படி ஒரு முரணைக் கற்பனையில் உட்கார்ந்து தயாரிக்க முடியாது. தெருவில் பொறுக்கத்தான் வேண்டும்.

*பேச்சு.* சங்கப் புலவர் ஒருவரின் இயற்பெயர் தொலைந்துபோய், அவர் பாட்டில் வந்த சொற்றொடரே பெயராகிச் செம்புலப்பெயனீரார் ஆகிவிட்டார். பேசிய பேச்சே பேராகும் மரபு நமக்குப் பழையது. ஒரு கப்பலில் முப்பது பேர் மாதக்கணக்காக ஒன்றாய்க் கிடந்தால், யார் எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்பது எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும். பெயர் பிறக்க அதுவே போதும்.

*நிகழ்ச்சி.* சேரன் செங்குட்டுவனுக்குக் 'கடல் பிறக்கோட்டிய' என்பது அடைமொழி. கடலைப் பின்வாங்கச் செய்தவன் என்று பொருள். இன்னொருவர் 'கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி'. அடைமொழியைக் கேட்டாலே தெரிகிறது, அது செத்தபிறகு ஒட்டியது என்று. அவர் உயிரோடு இருந்த நாளில் இந்தப் பெயரை ஒருமுறைகூடக் கேட்டிருக்க முடியாது. முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், வாசகர் கடைசிப் பக்கம்வரை அந்தக் கடலுக்காகக் காத்திருப்பார்.

ஆறில் எதுவுமே வேண்டாம் என்றாலும் குறையில்லை. 1697-இல் கார்வார் கரைக்கு வந்து, மறுவருஷம் மலபார்க் கடலில் 'கெதா மெர்ச்சன்ட்' கப்பலைப் பிடித்து, 1701-இல் லண்டனில் தூக்கில் தொங்கிய வில்லியம் கிட்டுக்கு அம்மா அப்பா வைத்த பெயரே போதுமானதாக இருந்தது. பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: பிறந்தபோது ஜான்; கொள்ளைத் தொழிலுக்கு வந்தபிறகு பெயரை மாற்றிக்கொண்டான். தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்பவன் எதையோ மறைக்கிறான், அல்லது எதற்கோ ஏங்குகிறான். உங்கள் பாத்திரம் அப்படிச் செய்தால் காரணத்தை உங்கள் குறிப்பேட்டிலாவது எழுதிவையுங்கள்.

3. கரைக்கேற்ற சொல்

'கேப்டன்' என்ற சொல்லைத் தொடுவதற்கு முன் நம் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழங்காலக் கதையென்றால் மீகாமன். அரபு, பாரசீக வணிகம் கலந்த கரையென்றால் நாகுதா, கப்பலுக்குத் தலைவன். சின்னக் கலத்தை நடத்துபவன் தண்டல். கலாசிகளை மேய்ப்பவன் சாரங்கு. சுக்கான் பிடிப்பவன் சுக்கானி. இவை பதவிகள், பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டினால் காலமும் இடமும் தாமாகத் தெரிந்துவிடும்.

காற்றுக்கும் பெயர் உண்டு: வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான், தெற்கே சோழகம். 'புயல்வேந்தன்' என்பதை அடித்துவிட்டுக் 'கச்சான்' என்று எழுதிப் பாருங்கள். கடலோரத்தில் வளர்ந்தவர் நிமிர்ந்து உட்காருவார். மீன்களில் சுறாவை எல்லோரும் பிடித்துவிட்டார்கள். திருக்கை இருக்கிறது, வாலில் முள் உள்ளது. சீலா இருக்கிறது, பல்லைப் பார்த்தால் போதும். கலங்களில் வங்கம், திமில், அம்பி, தோணி.

ஆனால் ஒரு பெயருக்குள் ஒரு கடல்பொருள்தான். 'திருக்கைவால் கச்சான் மீகாமன்' என்றால் அது மீன் சந்தை.

கலத்தின் பெயரையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சாண்டில்யன் தன் நாவலின் போர்க்கப்பலுக்குக் 'கடல் புறா' என்று பெயர் வைத்தார். கழுகு, பருந்து என்று எத்தனையோ இருக்க, புறா. தலைமுறை தாண்டி நிற்கிறது. அதே நாவலில் வரும் சீனக் கொள்ளையர் தலைவன் அகூதா. மூன்றே எழுத்து, பாதி மூச்சில் சொல்லிவிடலாம், முழு நாவலுக்கும் மறக்காது. தலைவன் பெயர் கடுமையாக இருந்தால் கலத்தின் பெயர் மென்மையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மாற்றிப் போடுங்கள். இரண்டும் உறுமினால் காது மரத்துவிடும்.

4. தமிழ் வாயில் நான்கு சோதனை

ஆங்கிலக் கதைக்கு வைத்த பெயர் தமிழில் தடுமாறுவது இங்கேதான். பெயரைச் சத்தமாகச் சொல்லி இந்த நான்கையும் செய்து பாருங்கள்.

முதலாவது, விளி. கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காற்றை மீறிக் கூப்பிட வேண்டும். தமிழில் கூப்பிடும்போது பெயர் உருமாறும்: கண்ணன் கண்ணாவாகும், காளி காளீயாகும். கடைசி எழுத்து நீள வேண்டும். 'பிளாக் ஷார்க்' என்று கத்திப் பாருங்கள். கடைசி 'க்' தொண்டையிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று மாட்டிப் பாருங்கள். முந்நூறு பக்கத்தில் இந்தப் பெயர் இரண்டாயிரம் தடவை வரலாம். பெரும்பாலும் உருபோடுதான் வரும். 'ரணதீரனுக்கு' ஒழுங்காக ஓடுகிறது. 'கேப்டன் பிளட்டுக்கு' என்றால் ரத்தப் பரிசோதனைச் சீட்டு போல இருக்கிறது.

மூன்றாவது, அவனா அவரா? கதை சொல்பவர் 'அவன்' என்கிறார். கூட்டாளிகள் 'அண்ணன்' என்கிறார்கள். கொள்ளை கொடுத்த வணிகர் பயத்தில் 'அவர்' என்கிறார். ஒரே பெயர் மூன்று மரியாதைக்கும் வளைந்து கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'திம்மய்யா'வில் மரியாதை உள்ளேயே இருக்கிறது. திட்டுவதற்கு அதை உடைக்க வேண்டியிருக்கும். அதுவும் ஒரு வசதிதான்.

நான்காவது, பக்கத்துப் பெயரோடு சேர்த்துப் படிப்பது. 1965-இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் எம்.ஜி.ஆர். மணிமாறன், எதிரே நிற்பவன் செங்கப்பன். கார்வார்க் கடலில் படமாக்கிய கதை அது. மருத்துவன் ஒருவன் அடிமையாகி, பிறகு கொள்ளையனாகிறான்; அப்போதும் மணிமாறனாகவே இருக்கிறான். பெயர் மாறாததே, 'இவன் உள்ளுக்குள் கெட்டுப்போகவில்லை' என்று திரையரங்கின் கடைசி வரிசைவரை சொல்லிவிடுகிறது. ஒருவன் பெயரில் மணி ஒலிக்கிறது, இன்னொருவன் பெயரில் இரட்டைப் பகரம் இடிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் யாரென்று தெரியும்.

5. சறுக்கும் இடங்கள்

தமிழில் பெயர் என்பது பெயர் மட்டும் அல்ல. அதைக் கேட்டவுடன் மதம், சாதி, ஊர் எல்லாவற்றையும் ஊகிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஆகவே கொள்ளைக் கூட்டம் முழுவதற்கும் ஒரே மதத்துப் பெயர், நல்லவர்கள் எல்லோருக்கும் இன்னொரு மதத்துப் பெயர் என்று வைத்தால், நீங்கள் எழுதாத ஒரு வாக்கியத்தை வாசகர் படித்துவிடுவார். அசல் கப்பல்களில் கொங்கணியும் மலையாளியும் தமிழரும் அரபியும் கலந்தே இருந்தார்கள். மீனவச் சமூகங்களின் பெயர்களையும், மரக்காயர் போல இன்றும் புழங்கும் குடிப்பெயர்களையும் வில்லனுக்கு அடைமொழியாக்க வேண்டாம்.

வரலாற்று ஆட்களின் பெயரை அப்படியே எடுத்தால் அவர்கள் வரலாறும் கூடவே வரும். கானோஜி ஆங்கரே மராட்டியக் கடற்படைக்குச் 'சர்கேல்', அதாவது தளபதி. ஆங்கிலேயர் 'ஆங்க்ரியா' என்று திரித்துக் கொள்ளையன் என்றார்கள். அவர் 1729-இல் இறந்தார். இன்று மும்பையில் இந்தியக் கடற்படைத் தளம் ஒன்றின் பெயர் ஐ.என்.எஸ். ஆங்கரே; இன்னொன்று ஐ.என்.எஸ். குஞ்ஞாலி. இந்தப் பெயர்களை ஒரு குடிகாரக் கொள்ளையனுக்கு வைத்துவிட்டு "கற்பனைதானே" என்று தப்பிக்க முடியாது.

6. ஒரு பெயரைச் செய்து பார்ப்போம்

வகுப்பில் நாங்கள் சேர்ந்து செய்தது இது. காலம் 16-ஆம் நூற்றாண்டு; இடம் ஹொன்னாவரம். நாகப்பட்டினத்திலிருந்து வந்த பையன் ஒருவன், மிளகுத் தோணியில் அடித்தளத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் வேலையில் இருக்கிறான். வீட்டில் வைத்த பெயர் வேலாயுதம். கப்பலில் அது யாருக்கும் தெரியாது.

அவனுக்கு இருட்டு பயம். ராத்திரி எந்த வேலை சொன்னாலும் "விடியட்டும்" என்பான். கன்னடக்காரரும் மலையாளியும் கொங்கணியும் இருந்த கூட்டத்தில் எல்லோரும் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச்சொல் அதுதான். கிண்டலாக அவனையே 'விடியட்டும்' என்றார்கள். அது தேய்ந்து 'விடியன்' ஆனது.

பத்து வருஷம் கழித்து அவன் தலைவன். பயம் போகவில்லை; ஆகவே இரவில் தாக்க மாட்டான், விடியும் நேரத்தில்தான் தாக்குவான். கடலில் வணிகர்கள் விடியலைக் கண்டு நடுங்க ஆரம்பித்தார்கள். தமிழ் வணிகர்கள் 'விடியாமூஞ்சி' என்று திட்டினார்கள். போர்த்துகீசிய எழுத்தன் காதில் விழுந்தபடி 'விடியாவோ' என்று எழுதிக்கொண்டான்.

சோதனைக்கு வருவோம். விடியனை, விடியனுக்கு, விடியனோடு: தங்குதடையில்லை. விளி? "விடியா!" இந்த இடத்தில் வகுப்பே நிமிர்ந்தது. 'விடியா' என்றால் விடியாத என்றும் பொருள். தன் ஆட்கள் ஆசையோடு கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், எதிரிகள் இட்ட சாபத்தையே அவர்களும் சொல்கிறார்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பெயர் வைக்கும் வேலையைப் பாத்திரங்களிடம் விட்டதும், மீதியை மொழி பார்த்துக்கொண்டது. கதை எங்கே முடிய வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது: ஒரு நாள் இரவில், வெளிச்சம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்.

7. வீட்டுப்பாடம்

1. உங்கள் பாத்திரத்துக்குத் தாய், கூட்டாளி, எதிரி மூவரும் வைத்த பெயர்களை எழுதுங்கள். கூட்டாளி வைத்த பெயர் முதன்முதலில் வாய்விட்டு வந்த காட்சியை இருபது வரிக்குள் எழுதுங்கள்.

2. ஒரு வாரம் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நடங்கள். சிவாஜிநகர்ச் சந்தையில், மெக்கானிக் கடையில், உங்கள் அலுவலகத் தேநீர் இடைவேளையில் கேட்கும் பட்டப்பெயர்களைக் குறியுங்கள். ஆளை விட்டுவிடுங்கள், பெயர் பிறந்த காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. முடிந்தால் பெங்களூரிலிருந்து பஞ்சகங்கா ரயிலில் ஓர் இரவு ஏறிக் கார்வாரில் இறங்குங்கள். படகுத்துறையில் ஒரு மணி நேரம் நின்று, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். மொழி புரியாவிட்டால் இன்னும் நல்லது. எந்தப் பெயர் அலையைத் தாண்டிப் போய்ச் சேருகிறது என்பது மட்டும் காதில் விழும்.

பெயர் வரவில்லையென்றால் அவசரப்பட வேண்டாம். மூன்று அத்தியாயம்வரை அவனை 'அவன்' என்றே எழுதுங்கள். எப்படியும் ஒரு கட்டத்தில் பாய்மரம் முறியும், யாராவது அவனைக் கூப்பிட்டே ஆக வேண்டியிருக்கும். அப்போது அந்த ஆள் வாயில் என்ன வருகிறதோ, அதை எழுதிக்கொள்ளுங்கள்.